மில்லு வரைந்த மிருகங்கள்

கறையைப் பார்த்தால் நாம் முகத்தைச் சுளிப்போம். மாடி வீட்டு அக்கா தலையைச் சாய்ப்பார். முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். கொஞ்ச நேரம் கழித்து, "தவளை" என்பார். அல்லது, "ஆமை. காலை உள்ள இழுத்துக்கினு இருக்குது பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் துடைக்கிற துணியைத் தேடுவார்.

பிள்ளைகளே, நீங்கள் சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு வரும்போது நான் அதட்டாமல் நின்று பார்ப்பேன் அல்லவா? "என்னத்தப் பாக்கறீங்க, தண்ணியில போடுங்க" என்று உங்கள் அம்மா சத்தம் போடுவாள். அந்தப் பழக்கம் எனக்கு அந்த அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. "கழுவறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாத்துடு தம்பி. கழுவிட்டா யாரு வந்துட்டுப் போனாங்கன்னே தெரியாது" என்பார்.

நானும் உங்கள் அம்மாவும் கல்யாணமான புதிதில் திருவண்ணாமலையின் கிழக்கு ஓரத்தில், ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குத் தேரடி வீதியில் ஜவுளிக்கடை வேலை. கீழ்ப் போர்ஷனில் நாங்கள். மேலே ஒற்றை அறையும் மொட்டை மாடியும் அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அண்ணனுக்கு அந்த மில்லில்தான் வேலை. பாய்லருக்கு உமி தள்ளுவார்.

நெல் அவிக்க உமியைத்தான் எரிப்பார்கள். மில்லின் புகைக்கூண்டு குட்டை. எங்கள் மொட்டை மாடியை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். விடியும் நேரத்தில் சந்துக்குள் கரி இறங்கும். மழை போல வேகமாக இறங்காது. மேலே யாரோ உட்கார்ந்து கறுப்புப் பூவை ஒவ்வொன்றாக உதிர்ப்பது போல, ஆடி ஆடி, அவசரமே இல்லாமல் இறங்கும். அவித்த நெல்லின் வாசனை கூடவே வரும். அரைத் தூக்கத்தில் கதவைத் திறந்தால் கரிக்கு நடுவே மலை மிதந்துகொண்டிருக்கும். மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்கும்: "தம்பி, மலை இன்னிக்கு எருமை. தண்ணியில படுத்துக்கினு இருக்குது."

அழகாக எழுதிவிட்டேன். அந்தக் கரிதான் நம் பெரியவளின் நெஞ்சுக்குள்ளும் இறங்கியது. அவள் அப்போது கைக்குழந்தை. மூச்சு விட்டால் உள்ளே ஒரு பூனைக்குட்டி முனகுவது போலக் கேட்கும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். கரி விழாத இடமாகப் பார்த்துக் குடிபோகச் சொன்னார்கள். நாங்கள் தேடாத தெரு இல்லை. கைக்குழந்தை, அதுவும் இழுப்பு என்றதும் வீட்டுக்காரர்கள் கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. பெரியவளுக்கு இழுப்பு வரும் நாளில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தன் அறைக்குள்ளேயே சுவருக்குச் சுவர் நடப்பார். ஜன்னலில் ஈரத் துணி கட்டியிருப்பார். குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னாடி, உள்ள யாரு? வெளிய வரச் சொல்லு" என்று கேட்பார். சந்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மில் முதலாளியிடம் போனதும் அவர்தான்.

"சிம்னியக் கொஞ்சம் ஒசரமாக் கட்டுங்க முதலாளி. கொழந்தைங்க இழுக்குதுங்க."

"கோயில்னா மணி அடிக்கும், மில்லுனா கரி விழும். இதுக்கெல்லாம் கூட்டம் சேத்துக்கினு வருவாங்களா? போங்கம்மா, போய் வேலையப் பாருங்க."

திரும்பி வரும் வழியில் பெண்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே வந்தார்கள். அக்கா மட்டும் தன் வெளிர்மஞ்சள் சேலையின் தோளில் விழுந்திருந்த கரியைத் தட்டாமல், அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பூனை விஷயம் அதற்கடுத்த வாரம் நடந்தது. அண்ணனின் வேட்டிக்குக் கஞ்சி போட்டு மாடியில் கயிற்றுக் கட்டிலின் மேல் விரித்திருந்தார் அக்கா. எடுக்க மறந்துவிட்டார். சந்துப் பூனை ஒன்று அதன்மேல் சுருண்டு தூங்கியது. காலையில் அது சோம்பல் முறித்து இறங்கிப் போனதும், கரி படிந்த வேட்டியின் நடுவே வெள்ளையாக ஒரு பூனை படுத்திருந்தது. காது, வளைந்த வால், வயிற்றுக்குள் செருகிய முன்னங்கால், எல்லாம் இருந்தன. நிஜப் பூனை சுவர் மேல் நடந்து போகிறது. அதன் தூக்கம் மட்டும் வேட்டியிலேயே கிடக்கிறது. அக்கா என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினார். நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம், ஏதோ எழுப்பிவிடப் போவது போல.

அன்றிலிருந்து வேலை தொடங்கிவிட்டது. பழைய செய்தித்தாளை மிருகமாக வெட்டுவார். கஞ்சியில் நனைத்த துணியைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் அந்தக் காகிதத்தை வைத்து, பறக்காமல் இருக்கப் புளியங்கொட்டைகளை அடுக்குவார். பொழுது விடிந்ததும் காகிதத்தை எடுப்பார். சுற்றிலும் கறுப்பு. நடுவில் காகிதம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை நாரை.

எல்லா மிருகத்தையும் வெட்டமாட்டார். எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. நெல் ஊறவைத்த தண்ணீரை மில்லிலிருந்து அதில்தான் விட்டார்கள். புளித்த வாடை அடிக்கும். அதில் முன்பு இருந்து, இப்போது காணாமல் போனவற்றை மட்டுமே அவர் வெட்டினார். நாரை, ஆமை, தண்ணீர்ப் பாம்பு, கரையில் கூடு கட்டிய தூக்கணாங்குருவி. "போனவங்களுக்கு ஆள் அனுப்பறேன் தம்பி" என்பார். கொடியில் அவை வரிசையாகத் தொங்கும். காற்று வந்தால் எல்லாம் ஒரே திசையில் நடக்கும். பெரியவள் தொட்டிலில் படுத்தபடி கை நீட்டுவாள்.

"நல்லா வரையறீங்கக்கா" என்றேன் ஒரு நாள்.

"நான் எங்க வரைஞ்சேன்? மில்லு வரைஞ்சது. நான் கை வெக்கவே இல்ல" என்றார்.

இந்தப் பேச்சுதான் பின்னால் பெரிய வம்பாகிவிட்டது.

மில்லுக்கு நெல் கொண்டு வரும் கட்டை வண்டிகள் எங்கள் சந்து முனையில் காத்து நிற்கும். மாடுகளின் கண்ணில் புகை பட்டு நீர் வழிந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு மாட்டைப் பார்த்து வந்துதான் அக்கா வழக்கத்தை விட்டு, படுத்திருக்கும் காளை ஒன்றை வெட்டினார். மறுநாள் அது மிக நன்றாக வந்திருந்தது. முதலாளியின் கார் போகிற பக்கமாக, வெளிச்சுவரில் அதை மாட்டினார். முதலாளி பார்க்க வேண்டும், தன் கரியைத் தானே பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அன்றைக்குப் பிரதோஷம். கோயிலுக்குக் கிளம்பிய எதிர்வீட்டு அம்மாள் சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா, யாரு வரைஞ்சது இந்த நந்தி?"

அக்கா எப்போதும் சொல்வதையே சொன்னார். "நான் கை வெக்கலீங்க. ராத்திரி துணியப் போட்டேன், காலையில வந்துது."

"தானா வந்துதா!"

அவ்வளவுதான். கோயில் நந்திக்குக் கொண்டுபோன அறுகம்புல் மாலை எங்கள் சுவருக்கு ஏறியது. சாயங்காலத்துக்குள் சந்து நிறைந்துவிட்டது. தேங்காய் உடைக்கிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள். அக்கா கூட்டத்துக்குள் புகுந்து, "இது கரிங்க, மில்லுக் கரி! நியூஸ் பேப்பர வெட்டி நான்தாங்க வெச்சேன்!" என்று கத்துகிறார். "அந்தப் புத்திய உனக்குக் குடுத்தது யாரு? அவருதான?" என்று ஒரு கிழவர் அவர் காலில் விழப் போனார். அக்கா மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.

முதலாளிக்குச் சேதி போய், அவரும் வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. நடிப்பு இல்லை. "என் மில்லுக் கரியில எறங்கி வந்திருக்காரே! அங்கதான் இருக்கணும் அவரு" என்றார். நாதஸ்வரம் வைத்து, வேட்டியை மடிக்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மில்லுக்கு ஊர்வலமாக எடுத்துப் போனார்கள். உமி தள்ளுகிற அண்ணனைக் குடை பிடிக்கச் சொன்னார்கள். அவரும் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "உன் மாடு இப்ப எனக்கே முதலாளி" என்றார் அக்காவிடம். அக்கா சிரிக்கவில்லை.

மில் வாசலில் கும்பிடுகிறவர்களுக்குக் காகிதத்தில் ஒரு சிட்டிகை கரி மடித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரியவளுக்கு அந்த வாரம் இழுப்பு ஜாஸ்தி. உங்கள் அம்மாவுக்கு அப்போது சின்ன வயது. நாலு இரவு தூங்காதவள். யாரோ சொன்னதைக் கேட்டு, அந்தக் கரியைக் குழந்தையின் நெற்றியிலும் நெஞ்சிலும் பூசிவிட்டாள். அக்கா கீழே வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, குழந்தையின் நெஞ்சை மெதுவாகத் துடைத்தார். கழுவும் முன் பார்க்கிறவர், அன்று மட்டும் பார்க்கவில்லை.

"இது மருந்து இல்லடி பொண்ணே" என்றார். "இதுதான் நோவு."

உங்கள் அம்மா அழுதாள். அக்காவும் அழுதார். நான் கதவருகே நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் மாடியில் அக்காவும் அண்ணனும் நானும் உட்கார்ந்தோம். அக்காவின் கையில் கத்திரிக்கோல். "யாரும் கும்பிடாத மிருகமா ஒண்ணு சொல்லுங்க. கும்புட்டா பாக்க மாட்டேங்கறாங்க."

"எலி" என்றேன்.

"புள்ளையாரு ஏறிக்குவாரு" என்றார் அண்ணன்.

"நாயி?"

"பைரவரு."

"காக்கா?"

"சனீஸ்வரன். எள்ளு வௌக்கோட சந்தே நிக்கும்."

"பன்னி வெட்டறேன்" என்றார் அக்கா.

"வராக அவதாரம்."

"கழுத! கழுதைய யாரு கும்புடுவாங்க?"

அண்ணன் யோசித்தார். "கும்புட மாட்டாங்க. மழை வரணும்னு கல்யாணம் பண்ணி வெப்பாங்க. பொண்ணு வீடு நாமதான், சாப்பாடு போடணும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். இந்த ஊரில் ஊர்வதும் பறப்பதும் எல்லாம் ஏதாவது ஒரு சாமியைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அப்போது கீழேயிருந்து பெரியவளைத் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மா வந்தாள். குழந்தையின் கையில், நான் வாங்கிக் கொடுத்த மிருகப் பட அட்டை. அதன் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். அக்கா அட்டையை வாங்கி, தலையைச் சாய்த்தார். ஒரு பக்கம், பிறகு மறு பக்கம்.

"இது?"

ஒட்டகச்சிவிங்கி.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். "இதுமேல எந்தச் சாமியும் ஏறாது" என்றார் கடைசியில். "ஏணி வேணும்."

கடையில் விலை போகாமல் பழுப்பேறிய காடாத் துணி ஒன்று இருந்தது. கடை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். மாடி முழுக்க நீண்டது அது. அக்கா தாள்களை ஒட்டி ஒட்டி வெட்டினார். ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வெட்டினார், மில்லின் புகைக்கூண்டு. அதன் உயரம் ஒட்டகச்சிவிங்கியின் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

அண்ணன் அதைப் பார்த்து, "இத்த மாட்டினா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது" என்றார்.

கத்திரிக்கோல் நின்றது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். கீழே பெரியவளின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? வெட்டு" என்றார் அண்ணன். "காலு ஒண்ணு கோணலா இருக்குது பாரு."

மறுநாள் காலையில் மாடியிலிருந்து தெரு வரை அந்த வெள்ளை மிருகம் தொங்கியது. கறுப்பு வானத்துக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. மாலை கொண்டு வந்தவர்களுக்கு எங்கே போடுவது என்று தெரியவில்லை. முதலில் ஒரு வண்டிக்காரர்தான் சிரித்தார். "டேய், மில்லு சிம்னி அதுக்கு முட்டிக்குக் கூட எட்டலடா!" சந்து முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரம் சந்தையில் நெல் விற்க வந்தவர்கள், "எந்த மில்லுக்குப் போவுது? ஒட்டகச்சிவிங்கி மில்லுக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேர் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய்விட்டது.

அண்ணன் சொன்னது போலவே வேலை போயிற்று. "வீட்ல உக்காந்து பொண்டாட்டிக்குப் பேப்பர் புடி" என்று முதலாளி அனுப்பிவிட்டார். அண்ணன் மண்டியில் மூட்டை தூக்கினார். தோல் உரிந்த தோளோடு வருவார். அக்கா தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். துணியைக் கழற்றிவிடலாமா என்று அக்கா கேட்டபோதெல்லாம், "ஒனக்கு வேற வேல இல்ல" என்பார் அண்ணன். மழையில் கரி கொஞ்சம் வடிந்து, ஒட்டகச்சிவிங்கி அழுவது போல ஆனது. அப்படியும் அது இறங்கவில்லை.

ஊரின் மற்ற மில் முதலாளிகளும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். தை மாதம் மில்லில் செங்கல் வந்து இறங்கியது. புகைக்கூண்டு வளர வளர நாங்கள் தினமும் அண்ணாந்து பார்த்தோம். முடிந்ததும் அண்ணனையும் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

புதுக் கூண்டில் புகை வந்த அன்று அக்கா கட்டிலில் துணியை விரித்து, ஒரு மானை வெட்டி வைத்தார். காலையில் எல்லோரும் மாடிக்கு ஏறினோம். காகிதத்தை எடுத்தார். சுற்றிலும் வெள்ளை, நடுவிலும் வெள்ளை. மான் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. "இருக்குது, இருக்குது, அங்கதான் மேயுது" என்று அக்கா விரலால் காட்டினார். உங்கள் அம்மா சிரித்தாள். பெரியவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சில் சத்தமே இல்லை. பயந்துபோய் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன்.

அக்கா மட்டும் சிரிப்பு நின்று மேலே பார்த்தார். புகை இப்போது மெல்லியதாக, வெகு உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தக் கரியெல்லாம் எங்க போவுது?"

"காத்துல போயிடும்க்கா."

"காத்துல போயி?"

மறுநாள் அக்கா கஞ்சி போட்ட வேட்டி ஒன்றையும் காகித ஆட்டுக்குட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, புகை போகும் திசையிலேயே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினார். வழியில் கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வீடு. அங்கே இருந்த பெண்ணிடம், இதைக் கூரை மேல் விரித்து இப்படி வையுங்கள், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் கொண்டு வந்த வேட்டியை வீட்டில் பிரிக்கவில்லை. நேராகப் போய், முதலாளியின் கார் போகும் பக்கச் சுவரில் மாட்டினார். வேட்டி மங்கலாகக் கறுத்திருந்தது. எங்கள் சந்து போல அவ்வளவு கறுப்பு இல்லை. ஆனால் கறுப்புதான். நடுவே வெள்ளையாக இருந்தது ஆட்டுக்குட்டி அல்ல. கையை இரண்டு பக்கமும் விரித்த ஒரு சின்னஞ்சிறு சட்டை.

"ஆட்டுக்குட்டிய எடுத்துட்டு, அவ கொழந்தை சட்டைய வெச்சிருக்கறா தம்பி" என்றார் அக்கா. "அதுக்கும் இழுப்பாம். போன வாரம் வரைக்கும் இல்லியாம். நான் ஒரு வார்த்தை சொல்லல. அவளாவே வெச்சிருக்கறா."

அந்தத் துணிக்கு யாரும் மாலை போடவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் முதலாளியின் கார் வந்து, கொஞ்சம் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. அவர் இறங்கினார். புதுக் கூண்டு கட்டிய பெருமை இன்னும் முகத்தில் இருந்தது.

"கரிதான் விழலியே, இன்னும் இன்னாம்மா? இது எந்த மிருகம்?"

அக்கா முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டார்.

"மனுசக் குட்டிங்க" என்றார்.

முதலாளி அந்தச் சின்னச் சட்டையைப் பார்த்தபடி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாந்தார். எங்கள் தலைகளுக்கு மேலே, வெகு உயரத்தில், புகை கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அது போகிற திசையை அவர் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.